தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்

மனை விளம்பரத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லக் கூடாது, நிமிடத்தில்தான் சொல்ல வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் உபதேசம். கிலோமீட்டர் என்றால் எவனாவது அளந்து பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவான். நிமிடத்தில் அந்தத் தொல்லை இல்லை. அது அவரவர் வண்டி, அவரவர் விதி. தொண்ணூறுகளின் நடுவில், சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே ஒரு முதலாளி போட்ட நகருக்கு நான் எழுதிக்கொடுத்த பிட் நோட்டீஸ், 'தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்!!!' என்றுதான் ஆரம்பிக்கும். தாம்பரம் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில் மட்டுமே பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

நோட்டீஸ் அடித்தது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ட்ரெடில் அச்சகத்தில். ரோஸ் காகிதம், எட்டில் ஒரு பங்கு சைஸ். கம்போசிட்டர் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஆச்சரியக்குறி தீந்துபோச்சு. எந்த வரிக்காவது புள்ளி வெச்சுக்கலாமா?" 'இருபது அடியில் சுவையான குடிநீர்' என்ற வரிக்குப் புள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னேன். நோட்டீஸில் அது ஒன்றுதான் நிஜம் என்பதால் அதற்கு ஆச்சரியக்குறி தேவைப்படவில்லை. இருபது அடியில் தண்ணீர் கிடைத்ததற்குக் காரணம், மனைகளுக்குப் பின்னால் இருந்த ஏரி. அந்த ஏரியை நோட்டீஸில் போடவில்லை. போட்டிருந்தால் 'ஏரிக்கரைக் காற்று வீசும் இயற்கைச் சூழல்' என்று போட்டிருப்பேன்.

'அப்ரூவ்டு மனைகள்' என்ற வரி நோட்டீஸில் நிச்சயம் இருக்கும். அப்ரூவ் செய்தவர் யார் என்பது இருக்காது. ஊராட்சித் தலைவர் வரைபடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுப்பார். அதற்குப் பெயர் பஞ்சாயத்து அப்ரூவல். அரசின் நகரமைப்புத் துறையான டிடிசிபியோ, சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சிஎம்டிஏவோ ஒப்புக்கொள்ளாமல் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பது தலைவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். வாங்க வந்தவர்களில் பாதிப் பேருக்கும் தெரியும் என்பதுதான் வேடிக்கை. "அப்ரூவல்னா எந்த அப்ரூவல்?" என்று கேட்பார்கள். "பஞ்சாயத்து" என்போம். "அதானே பார்த்தேன்" என்று சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து இலவச வேன். சைட்டில் ஒரு ஆர்ச், வண்ணக் கொடித் தோரணம், வெள்ளையடித்து நம்பர் எழுதிய கற்கள், முந்தின நாள் மாலை நட்ட தென்னங்கன்றுகள். மதியம் பிரியாணிப் பொட்டலம், புரட்டாசியில் புளியோதரை. அன்றே அட்வான்ஸ் கொடுத்தால் தங்கக் காசு. பத்திரச் செலவு இலவசம் என்றும் இருக்கும். கீழே ஒரு நட்சத்திரக்குறி போட்டு, நிபந்தனைக்குட்பட்டது என்று எறும்பு எழுத்தில் அச்சாகியிருக்கும். எனக்குத் தெரிந்து அந்த நிபந்தனை என்னவென்று எந்த முதலாளியும் முடிவு செய்திருந்ததில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவரை இன்றும் மறக்கவில்லை. அரசுப் பேருந்தில் நடத்துநர். வேனிலிருந்து இறங்கியவர் ஆர்ச்சைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்க்கவில்லை, என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவியிடம் நேரே போனார். "ஆயா, ஐப்பசியில இங்க தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?" கிழவி முழங்காலுக்கு மேல் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் திரும்பி வந்து பிரியாணியைச் சாப்பிட்டார், வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்போதும் அவருக்கு என் மேல் கோபம் இல்லை. நோட்டீஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர். நோட்டீஸ் பொய் சொல்லும், நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு எழுதாத ஒப்பந்தம் இருந்தது. வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள், மூலப்பத்திரம் கேட்பார்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் தனியாகப் போய் விசாரிப்பார்கள், கடைசியில் டீக்கடையிலும் ஒரு முறை விசாரிப்பார்கள்.

விளம்பரத்தில் இடம்பெற்ற ஊர்களுக்கும் ஒரு பருவம் உண்டு. 1985-இல் வண்டலூருக்கு மிருகக்காட்சிசாலை வந்தது, பிறகு பல வருடங்களுக்கு எல்லா நகரும் ஜூ அருகில். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்ததும் எல்லாம் ஹூண்டாய் அருகில். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியபோது, காஞ்சிபுரத்தையும் கடந்து ஒரு நகர் 'நோக்கியா மிக அருகில்' என்று இருந்தது. 2014-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. மனைகள் நகரவில்லை, நோட்டீஸில் இருந்து பெயர் மட்டும் சத்தமில்லாமல் போனது.

பிறகு 2016. செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளுக்குப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். இரண்டு மாதத்துக்குள் இரண்டு இடி. அதிலிருந்து எழுந்து உட்காருவதற்குள் 2017 மே முதல் தேதி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தது. ஜூன் மாதம் தமிழ்நாட்டு விதிகளும் வந்தன. ரெரா என்ற சொல்லைத் தொழிலில் முதலில் ஏதோ காய்ச்சலின் பெயரைப்போலத்தான் சொன்னார்கள். "அந்த சைட்டுக்கு ரெரா வந்திருச்சா?"

அந்தச் சட்டத்தை வரி வரியாகப் படித்தவன் நான். படித்ததில் மனம் நொந்தது ஒரு இடத்தில்தான். நான் புரோக்கராக இருந்து, மீடியேட்டராகி, விசிட்டிங் கார்டு அடித்து ப்ராப்பர்ட்டி கன்சல்டன்டாக உயர்ந்திருந்தேன். சட்டம் எழுதியவர்கள் முகவர் என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, தரகர், இடைத்தரகர் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் சரி என்று முடித்துவிட்டார்கள். இருபது வருட முன்னேற்றம் ஒரே வரியில் ரத்து. விளம்பரத்துக்கும் அதே கதி. எந்த ஊடகத்தில், எந்த வடிவத்தில் வந்தாலும் அது விளம்பரம்தான். சட்டம் நிறைவேறிய 2016-இல் ரீல்ஸ் என்ற ஒன்றே கிடையாது. இருந்தும் அந்த வலையில் ரீல்ஸும் மாட்டியது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் மாட்டியது.

சட்டம் கேட்பது அப்படியொன்றும் கஷ்டமான காரியம் இல்லை. ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வாங்காத திட்டத்தை விளம்பரம் செய்யக் கூடாது, முன்பணம் வாங்கக் கூடாது, வாங்க வாருங்கள் என்று கூப்பிடக்கூடக் கூடாது. மீறினால் முதலாளிக்குத் திட்ட மதிப்பில் பத்து சதவீதம் வரை அபராதம். பதிவு வாங்கியபின் செய்யும் விளம்பரத்தில் ஆணையத்தின் இணைய முகவரியையும் பதிவு எண்ணையும் போட வேண்டும். முகவரி கண்ணில் படும்படி இருக்க வேண்டும். என்னைப்போன்ற முகவரும் தனியாகப் பதிவு செய்து, நடத்தும் ஒவ்வொரு விற்பனையிலும் தன் எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதியாத மனையைக் கைகாட்டினால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய், அந்தச் சொத்தின் விலையில் ஐந்து சதவீதம் வரை போகும். எங்கள் கமிஷன் இரண்டு சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்து அன்றே பதிவு செய்துகொண்டேன்.

இப்போது ரீல்ஸ் போடுவது அக்கா மகன். விஸ்காம் படித்தவன். என்னிடம் இருந்த பழைய நோட்டீஸ் ஒன்றைப் பார்த்துவிட்டு, "மாமா, இவ்ளோ பொய்யா எழுதுவீங்க?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். அவன் பொய் எழுதுவதில்லை. அவன் எழுதுவதே இல்லை. ட்ரோன் பறக்கும், மாலை வெயில் சாயும், அப்பாவின் கனவைப் பற்றி ஒரு பாட்டு ஓடும், ஒரு குழந்தை வெற்று மனையில் பலூனோடு ஓடும். இதில் எந்த ஃப்ரேமைப் பிடித்து எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? பத்து நிமிடம் என்று அவன் சொல்வதில்லை; தாம்பரம் பெயர்ப்பலகையைக் காட்டி, ஒரு கட் கொடுத்து, ஆர்ச்சைக் காட்டுகிறான். இடையில் இரண்டு நொடி. என்னுடைய பத்து நிமிடமே நியாயமாகத் தோன்றியது.

பதிவு எண்ணை மட்டும் அவன் மறப்பதில்லை. அதைப் போடும் இடத்தில்தான் அவன் படிப்பு தெரியும். டிஎன் என்று தொடங்கி, இடையில் லேஅவுட்டா பில்டிங்கா என்று சொல்லி, வரிசை எண்ணும் ஆண்டும் போட்டு முடிகிற நீளமான எண் அது. அவன் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது திரையின் அடியில் வெள்ளை எழுத்தில் தெளிவாக இருந்தது. போனில் பார்த்தேன், காணவில்லை. எங்கள் அலுவலகப் பெயர், பாட்டின் பெயர், கேப்ஷன் எல்லாம் வந்து உட்காருகிற அடிப்பகுதியில், அவற்றுக்குப் பின்னால் எண் இருந்தது. மீதி எண்களை லைக் போடும் இதயம் மறைத்திருந்தது.

"மேல தூக்கிப் போடுடா."

"ஃப்ரேம் கெட்டுப்போகும் மாமா. சட்டப்படி போட்டாச்சு இல்ல?"

"கண்ணுல படணும்னு சட்டம் சொல்லுது."

"படும் மாமா. பாஸ் பண்ணி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஜூம் பண்ணா படும்."

எறும்பு எழுத்தில் நட்சத்திரக்குறி போட்ட தலைமுறைக்கு இதில் வாய் திறக்க என்ன தகுதி என்று அவன் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

மகாராஷ்டிரத்தில் 2023 ஆகஸ்ட் முதல் விளம்பரங்களில் க்யூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் திட்டத்தின் ஜாதகம் முழுவதும் வந்துவிடும். பேப்பர் விளம்பரத்துக்கும் சாலையோரப் பலகைக்கும் அருமையான ஏற்பாடு. என் போனில் ஓடுகிற ரீலில் இருக்கும் கோடை என் போனால் எப்படி ஸ்கேன் செய்வது? பக்கத்து வீட்டுக்காரர் போனைக் கடன் வாங்க வேண்டியதுதான். அதற்கு அவரிடமே விசாரித்துவிடலாம்.

எனக்கு விசித்திரமாகப் படுவது இன்னொன்று. அந்த எண், 'இந்தத் திட்டத்தின் விவரம் எல்லாம் ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்' என்று சொல்கிற ஒரு கைகாட்டி மரம். போய்ப் பார்த்தால் ஒப்புதல் ஆணை, வரைபடம், முடித்துத் தர வேண்டிய தேதி எல்லாம் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிலவரத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் விதி. தண்ணீர் எதுவரைக்கும் நிற்கும் என்பதற்கு மட்டும் அந்தக் கிழவிதான் வேண்டும். ஆனால் தெருவில் அந்த எண் இன்று முத்திரையாகிவிட்டது. 'ரெரா அப்ரூவ்டு' என்று தங்க எழுத்தில் சுற்றுகிறது. பஞ்சாயத்துத் தலைவரின் ரப்பர் ஸ்டாம்புக்குக் கிடைக்காத மரியாதை. சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, சைட்டைப் பார்க்காமலேயே ஜிபேயில் டோக்கன் அனுப்பினார். பத்திர நகல் வேண்டுமா, வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா என்று நானே கேட்டேன். "ரெரா நம்பர் இருக்கே சார், அப்புறம் என்ன?" நம்பரைத் தளத்தில் போட்டுப் பார்த்தீர்களா என்றேன். "அதான் வீடியோல இருக்கே" என்றார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு நம்பிக்கையை நான் சந்தித்ததில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. வில்லங்கச் சான்றை நானே போட்டு அனுப்பிவைத்தேன். தம்ஸ்அப் போட்டார், திறந்து பார்த்தாரா தெரியாது.

இதற்கிடையில் இன்ஃப்ளூயன்சர் என்று ஒரு இனம். நேற்று வரை பரோட்டாவுக்கு ரிவ்யூ சொன்ன பையன், இன்று மண்ணைக் கையில் அள்ளி, "மக்களே, வேற லெவல் இடம்" என்கிறான். மண்ணை வாயில் போட்டுப் பார்க்காததுதான் பாக்கி. காசு வாங்கிக்கொண்டு பேசினால், இது விளம்பரம் என்று எடுத்த எடுப்பிலேயே தெரியும்படி சொல்ல வேண்டும், ஹேஷ்டேக் கும்பலுக்குள் ஒளிக்கக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இலேயே சொல்லிவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை. அது பரிந்துரைத்தவருக்கும் சேர்த்துத்தான். இதை அந்தப் பையனிடம் சொன்னேன். "அண்ணே, நான் ப்ரமோஷன் பண்றதில்ல, ஜென்யூன் ஒபீனியன்தான்" என்றான். ஜென்யூன் ஒபீனியனுக்கு ஜிஎஸ்டி தனி என்றும் சொன்னான்.

பதிவு வருவதற்கு முன் விளம்பரம் கூடாது என்ற விதிக்கும் ஒரு மரியாதை செய்கிறார்கள். பெயர் சொல்லாமல், விலை சொல்லாமல், உதட்டில் விரல் வைத்து, "பெருசா ஒண்ணு வருது, இப்ப சொல்ல முடியாது, கமெண்ட்ல ஹார்ட் போடுங்க, டிஎம் பண்றேன்." சட்டம் வாயைக் கட்டியது, கட்டிய வாயே ஒரு கவர்ச்சியாகிவிட்டது. இன்னும் சிலர், ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்குப் பதிவு தேவையில்லை என்ற விலக்கை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஐந்நூறு சதுர மீட்டர் என்றால் இரண்டேகால் கிரவுண்டு. ஒரே வயலை இரண்டேகால் இரண்டேகாலாக நறுக்கி, ஒவ்வொன்றும் தனித் திட்டம் என்பார்கள். அதுவும் வேண்டாம் என்றால் பண்ணை நிலம். வீட்டுமனை என்றே சொல்லவில்லையே, மாமரத்தோடு ஒரு சென்ட் நிலம் தருகிறோம், அவ்வளவுதானே!

பரந்தூர் விமான நிலையத்தை 2022-இல் அறிவித்தார்கள். ஏகனாபுரத்தில் நிலத்தைத் தர மாட்டோம் என்று ஜனங்கள் போராடிக்கொண்டிருக்க, இங்கே ரீலில் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு செங்கல்கூட வைக்காத விமான நிலையத்திலிருந்து பதினைந்து நிமிடம். எங்கள் காலத்தில் ஜூவில் நிஜமாகவே புலி இருந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பழைய நோட்டீஸுக்கு இருந்த ஒரு நிம்மதி இப்போது கிடையாது. ரோஸ் காகிதம் மறுநாள் சுண்டல் பொட்டலமாகிவிடும். சாட்சி அத்தோடு ஜீரணம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருபத்துநாலு மணி நேரத்தில் மறைந்துவிடும் என்றுதான் தொழிலில் பலரும் அதில் தாராளமாகப் போடுகிறார்கள். மறைவது போட்டவன் போனில்தான். எனக்குத் தெரிந்த ஒரு அடுக்குமாடி முதலாளியிடம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு ஃபைலை விரித்தார். இரண்டு வருட ஸ்டேட்டஸ், தேதி வாரியாக, கலர் பிரின்ட். நீச்சல் குளம், ஜிம், மூத்த குடிமக்களுக்கு நடைபாதை. விளம்பரத்தில் சொன்னதை நம்பி முன்பணம் கொடுத்தவருக்கு அதனால் நஷ்டம் என்றால் ஈடு தர வேண்டும், விலகிக்கொள்கிறேன் என்றால் போட்ட பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பது பன்னிரண்டாவது பிரிவு. டீச்சர் அந்தப் பிரிவையும் பிரின்ட் எடுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். "அது கற்பனைப் படம்தானேம்மா" என்றார் முதலாளி. "எங்க காசு கற்பனை இல்லையே" என்றார் டீச்சர். நீச்சல் குளத்துக்குக் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

போன வாரம் அக்கா மகன் போட்ட ரீலுக்கு நானூற்றுச் சொச்சம் கமெண்ட். 'விலை', 'விலை ப்ளீஸ்', 'எங்க இருக்கு ப்ரோ', 'சூப்பர்', நிறைய இதயங்கள். நடுவில் ஒருவர் மட்டும், தமிழில், பிழையில்லாமல் எழுதியிருந்தார்: பதிவு எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்த்தேன், திட்டம் முடிய வேண்டிய தேதி சென்ற மார்ச்சோடு கடந்துவிட்டது, கால நீட்டிப்பு வாங்கியிருக்கிறீர்களா, ஆணை எண் என்ன?

"யார் மாமா இந்த ஆளு? பிளாக் பண்ணிரட்டுமா?"

வேண்டாம்டா, முதலாளியைக் கேட்டு நீட்டிப்பு ஆணையை வாங்கிப் பதில் போடு என்றேன். கேட்டிருக்கிறான், முதலாளி ஆடிட்டரைக் கேட்கச் சொன்னாராம், ஆடிட்டர் ஊரில் இல்லையாம். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று அந்தக் கமெண்டுக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டு, 'நன்றி சார், இன்பாக்ஸ் வாங்க' என்று எழுதி, மேலே பின் செய்தும் வைத்துவிட்டான். அதற்குக் கீழே எழுபது பேர் கூடிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரீச் ஏறிவிட்டதாம்.